ஃபார்மட் செய்யவா என்று கேட்டால்

தெரிந்தவர்கள் யாருடைய மெமரி கார்டு தகராறு செய்தாலும் அது கடைசியில் என் மேசைக்கு வந்துவிடும். நான் பறவைப் படம் எடுக்கிறவள், கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டக் கொஞ்சம் பொறுமை இருக்கிறவள். அதைத் தவிர இதற்கு எனக்கு வேறு தகுதி கிடையாது. "அக்கா, கார்டு செத்துப்போச்சு" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். வாங்கிப் பார்த்தால் நிஜமாகவே செத்த கார்டு அபூர்வம். பெரும்பாலான சமயம் கார்டுக்கு ஒரு குறையும் இருக்காது. படம் எடுத்ததற்கும் அது இரண்டு இடத்தில் பத்திரமானதற்கும் நடுவே யாரோ அவசரத்தில் எதையோ அழுத்தியிருப்பார்கள். அதனால் எந்தக் கம்பெனி கார்டு நல்லது என்று கேட்பவர்களிடம் நான் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன்: கடைசியாக எடுத்த படங்கள் இப்போது எங்கெங்கே இருக்கின்றன?

அழிப்பது என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2 ஜிபிக்கு மேல் 32 ஜிபி வரையிலான எஸ்டி கார்டுகள் ஃபேட்32 முறையிலும், அதற்கு மேலுள்ளவை எக்ஸ்ஃபேட் முறையிலும் ஃபைல்களை வைத்துக்கொள்கின்றன. இரண்டிலும் ஒரு பக்கம் பட்டியல், இன்னொரு பக்கம் படங்கள். கேமராவில் குப்பைத்தொட்டிப் பொத்தானை அழுத்தும்போது பட்டியலில்தான் கை வைக்கிறோம். ஃபேட்32இல் ஃபைல் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் இ5 என்று ஒரு குறி விழும். அந்தப் படம் பிடித்திருந்த இடமெல்லாம் காலி என்று எழுதப்படும். அவ்வளவுதான். நிலம் அப்படியே கிடக்கிறது, பட்டாவில் பெயரை மட்டும் அடித்துவிட்டார்கள். இன்னொருவர் வந்து அதில் வீடு கட்டுகிறவரை பழையது அங்கேயேதான் இருக்கும்.

அந்த இன்னொருவர் யார் என்றால், நீங்கள் அடுத்து எடுக்கப்போகிற படம். அதனால் தவறிப்போய் எதையாவது அழித்துவிட்டால் அந்த நொடியே கேமராவை அணைத்து, கார்டை வெளியே எடுத்து, வேறு கார்டு போடுங்கள். வேறு கார்டு இல்லையென்றால் அன்றைக்குப் படம் எடுப்பதை நிறுத்துங்கள். நிறையப் பேர் இதைச் செய்வதில்லை. அழிந்துபோனதன் பதற்றத்தில், போனது போகட்டும் என்று அதே கார்டில் இன்னும் நாலு படம் எடுத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிடுவார்கள்.

என் அத்தை மகன் கொண்டுவந்த கார்டில் இதுதான் நடந்திருந்தது. ஒரு படத்தை அழிக்கப் போய் 'எல்லாவற்றையும் அழி' என்பதை அழுத்தியிருக்கிறான். கேமரா "நிச்சயமா?" என்று கேட்டபோது அதற்கும் ஆமாம் சொல்லியிருக்கிறான். பிறகு கேமரா சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன வீடியோவும் எடுத்திருக்கிறான். எதற்கு என்று கேட்டேன், பதில் இல்லை.

நான் பயன்படுத்துவது ஃபோட்டோரெக். கிறிஸ்தோஃப் க்ரெனியே என்பவர் எழுதிய இலவச மென்பொருள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக வரும், பார்க்க அழகாக இருக்காது. அது பட்டியலை மதிப்பதே இல்லை. கார்டை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படித்துக்கொண்டே போகும். ஜேபெக் படம் எதுவானாலும் எஃப்எஃப், டி8 என்ற இரண்டு பைட்டில்தான் தொடங்கும். எங்கே அந்த அடையாளம் தென்படுகிறதோ அங்கே ஒரு படம் ஆரம்பிக்கிறது என்று பிடித்துக்கொள்ளும். மீட்ட படங்களுக்குப் பழைய பெயர் வராது. எஃப் என்ற எழுத்தும், பின்னால் கார்டில் அந்தப் படம் கிடைத்த இடத்தின் (செக்டர்) எண்ணும்தான் பெயர். எடுத்த தேதி படத்துக்குள்ளேயே எக்ஸிஃப் தகவலாக இருப்பதால் அதை வைத்து வரிசைப்படுத்திக்கொள்ளலாம். இன்னொன்று முக்கியம்: மீட்டதை அதே கார்டில் சேமிக்கக் கூடாது. வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். மீட்கிறேன் என்று உட்கார்ந்து, மீட்க வேண்டியதன் மேலேயே எழுதியவர்களும் உண்டு.

அவனுடைய படங்கள் பெரும்பகுதி முழுசாக வந்துவிட்டன. அந்தச் சின்ன வீடியோ உட்கார்ந்த இடத்தில் இருந்தவை மட்டும் போயின. ஒரு படத்தில் மேல் பாதியில் அவனுடைய மகள் சிரிக்கிறாள், மூக்குக்குக் கீழே திரை முழுக்கச் சாம்பல் நிறம். இன்னொன்றில் பாதிக்கு மேல் ஒரு முகம், பாதிக்குக் கீழே வேறெங்கோ எடுத்த மரம், அதுவும் ஊதா நிறத்தில். படம் துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்டு நடுத்துண்டு போய்விட்டால் இப்படித்தான் வரும். அவன் ரா ஃபைலும் (கேமரா பிடித்ததைச் சுருக்காமல் வைக்கும் மூல ஃபைல்) சேர்த்து எடுத்திருந்ததில் ஒரு லாபம் இருந்தது. பெரும்பாலான ரா ஃபைல்களுக்குள் முன்பார்வைக்காக ஒரு ஜேபெக் ஒளிந்திருக்கும். ரா திறக்காமல் அடம்பிடித்தாலும் அந்த ஜேபெக்கை மட்டும் உருவி எடுத்துவிட முடிவது உண்டு. அப்படிச் சிலது கிடைத்தன.

ஆனால் ஃபோட்டோரெக் இருக்கிறதே என்று தைரியமாக இருந்துவிட வேண்டாம். ஃபார்மட் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. கேமராவின் சாதாரண ஃபார்மட் பெரும்பாலும் பட்டியலைத்தான் துடைக்கும். சில கேமராக்களில் 'லோ லெவல் ஃபார்மட்' என்று தனியாக ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால் கார்டு முழுக்க நிஜமாகவே அழிந்துவிடும். விண்டோஸில் 'குவிக் ஃபார்மட்' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு ஃபார்மட் செய்தாலும் அதே கதைதான். விஸ்டாவிலிருந்து அது கார்டு முழுக்கப் பூஜ்ஜியத்தை எழுதிவிட்டுத்தான் ஓய்கிறது. அதற்குப் பிறகு யாரிடம் கொண்டுபோனாலும் ஒன்றும் வராது.

சரி, தலைப்புக்கு வருகிறேன். கார்டை லேப்டாப்பில் செருகினால் சில சமயம், இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா என்று விண்டோஸ் கேட்கும். கேட்கிற தோரணையைப் பார்த்தால் வேறு வழியே இல்லை என்று தோன்றும். இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு கார்டை வெளியே எடுங்கள். கம்ப்யூட்டருக்குக் கார்டு புரியவில்லை என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். ஏன் புரியவில்லை என்பதற்குக் காரணம் பல இருக்கலாம்.

ஒரு தோழியின் விஷயத்தில் காரணம் கார்டு ரீடர். அவள் புதிதாக வாங்கிய 64 ஜிபி கார்டு எஸ்டிஎக்ஸ்சி, அதாவது 32 ஜிபிக்கு மேற்பட்ட வகை. வீட்டில் இருந்த ரீடர், 32 ஜிபி வரையிலான எஸ்டிஹெச்சி வரைக்கும்தான் தெரிந்த பழசு. கார்டில் ஒரு கோளாறும் இல்லை. "ஃபார்மட் கேக்குதுடி, குடுத்துடவா?" என்று போனில் கேட்டாள். நல்லவேளையாகக் கேட்டாள். கார்டை அப்படியே கேமராவில் திரும்பப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். எல்லாப் படமும் பத்திரமாக இருந்தது. வேறு ரீடரில் போட்டதும் வேலை முடிந்தது. முதலில் கேமராவில் பார், அப்புறம் வேறு ரீடர், அப்புறம் வேறு கம்ப்யூட்டர். இந்த மூன்றிலும் தெரியவில்லை என்றால்தான் கார்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

விண்டோஸ் இன்னொரு உதவியும் செய்ய வரும்: இந்த டிரைவில் பிரச்சினை இருக்கிறது, ஸ்கேன் செய்து சரிசெய்யவா என்று. கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு டிஸ்க்கின் ஒழுங்கில்தான் அக்கறை, உங்கள் படங்களின் மேல் இல்லை. எங்கே சேர்ப்பது என்று தெரியாத துண்டுகளை எல்லாம் ஃபவுண்ட்.000 என்று ஒரு ஃபோல்டரில் சிஹெச்கே என்ற பின்னொட்டோடு கொட்டிவிடும். அந்த ஃபைல்களில் சிலவற்றை ஜேபெக் என்று பெயர் மாற்றினால் படம் திறக்கும், சிலது திறக்காது. மீட்க வேண்டிய படம் உள்ளே இருக்கும்போது கார்டில் எதையும் எழுத விடக் கூடாது, 'சரிசெய்கிறேன்' என்று வருவதையும் சேர்த்துத்தான். முடிந்தால் முதலில் கார்டை அப்படியே ஒரு இமேஜ் ஃபைலாக நகலெடுத்துக்கொண்டு, சோதனைகளை அந்த நகலில் செய்யுங்கள். லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு இப்படி நகலெடுக்க டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் இருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் போன பிறகு தேடுவது. போகாமல் பார்த்துக்கொள்வதில் எனக்குப் பெரிய பயம் எது என்றால் ஃபைல் எண். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கேமரா கம்பெனிகள் எல்லாம் ஒப்புக்கொண்ட ஒரு வழக்கப்படி, கேமரா படங்களை வைக்கும் டிசிஐஎம் என்ற ஃபோல்டருக்குள் படத்தின் பெயர் நாலு எழுத்து, பின்னால் 0001 முதல் 9999 வரை ஒரு எண். 9999 ஆனதும் மறுபடி 0001. அதாவது நிறையப் படம் எடுக்கிறவரிடம் ஒரே பெயரில் இரண்டு படம் இருப்பது நிச்சயம். மெனுவில் எண் வரிசையை 'ஒவ்வொரு கார்டுக்கும் முதலிலிருந்து' என்று வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம், ஒவ்வொரு கார்டிலும் ஒரு 0001 இருக்கும். ஒரே கம்பெனியின் இரண்டு கேமராவை வைத்து ஒரு நிகழ்ச்சியை இரண்டு பேர் எடுத்தாலும் இதே நிலைமைதான்.

ஒரு குடும்ப விழாவில் என் தம்பியும் அவன் நண்பனும் அப்படித்தான் எடுத்தார்கள். ராத்திரி தம்பி முதல் கார்டை ஒரு ஃபோல்டரில் காப்பி செய்தான். பிறகு இரண்டாவது கார்டை அதே ஃபோல்டரில். இந்தப் பெயரில் ஏற்கெனவே ஃபைல்கள் இருக்கின்றன, மாற்றிவிடவா என்று கேட்டது. ஒரு தடவை காப்பி செய்து பாதியில் நின்றுபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு மாற்று என்றான். காலையில் முதல் கார்டை ஃபார்மட் செய்து கொடுத்துவிட்டான். இதில் எந்தக் கருவியும் தப்பு செய்யவில்லை. பிழைச் செய்திகூட வரவில்லை. பாதி விழா காணாமல் போனதே ஆல்பம் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அதற்குள் அந்தக் கார்டில் வேறு படங்கள் நிரம்பியிருந்தன, ஃபோட்டோரெக்கில் கிடைத்தது மிச்சம் மீதிதான்.

இதைத் தடுப்பது சுலபம். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு புது ஃபோல்டர். பெயரில் தேதி, கேமரா, கார்டின் எண். கார்டுகளின் மேல் மார்க்கரால் எண் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பல கேமராக்களில் அந்த நாலு எழுத்தில் சிலவற்றையாவது நாமே மாற்றிக்கொள்ளலாம். இரண்டு கேமரா வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். எண் வரிசையைத் 'தொடர்ச்சியாக' என்று வையுங்கள்.

அப்புறம், கட் செய்து பேஸ்ட் செய்யாதீர்கள். காப்பி மட்டும்தான். இடம் மாற்றும்போது நடுவில் கேபிள் ஆடினாலோ பேட்டரி தீர்ந்தாலோ எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் திண்டாட வேண்டும். கேமராவை நேரடியாக கேபிளில் இணைப்பதைவிட கார்டு ரீடர் எனக்குப் பிடிக்கும், கேமரா பேட்டரியைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்பதே காரணம். கழற்றும்போது எஜெக்ட் கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள். விண்டோஸ் 10இல் 1809 பதிப்பிலிருந்து உடனே கழற்றினாலும் பரவாயில்லை என்கிற மாதிரிதான் அமைத்திருக்கிறார்கள். இருந்தாலும் காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் அந்த அமைப்பும் காப்பாற்றாது. மேக்கில் எஜெக்ட் கட்டாயம்.

கேமராவில் எழுதும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது பேட்டரிக் கதவையோ கார்டுக் கதவையோ திறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நடக்கும். பறவை பறக்கும்போது தொடர்ந்து படபடவென்று எடுப்பேன். விரலை எடுத்த பிறகும் கேமராவின் தற்காலிக நினைவகமான பஃபரிலிருந்து கார்டுக்குப் போக இன்னும் படங்கள் வரிசையில் நிற்கும். மெதுவான கார்டாக இருந்தால் விளக்கு அணைய நல்ல நேரம் ஆகும். அந்த இடைவெளியில் பேட்டரி மாற்றினால் பஃபரில் இருந்தவை போகும். அதோடு பட்டியலும் பாதி எழுதிய நிலையில் நின்றுபோகலாம். வேகமான கார்டு வாங்க எனக்கு இதுதான் காரணம். பேட்டரி கடைசிக் கோட்டுக்கு வந்துவிட்டால் அதை ஒட்ட ஒட்டக் கறப்பதும் இல்லை.

கேமராவில் சாவி படம் போட்ட 'பாதுகாப்பு' வசதியைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. சாவி போட்ட படத்தைக் குப்பைத்தொட்டிப் பொத்தான் அழிக்காது, 'எல்லாவற்றையும் அழி' கூட அழிக்காது. ஆனால் ஃபார்மட் அழித்துவிடும். அதற்கு சாவியும் பூட்டும் ஒன்றுதான். கார்டின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன லாக் பிளாஸ்டிக்கும் அப்படி ஒன்றும் பெரிய காவல்காரன் இல்லை. அது கார்டுக்குள் எதனுடனும் இணைக்கப்படவில்லை. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேமராவோ ரீடரோ பார்த்துத் தெரிந்துகொண்டு மரியாதை கொடுத்தால்தான் உண்டு. அந்தப் பிளாஸ்டிக் உடைந்து விழுந்து, கேமரா கார்டு லாக் ஆகியிருக்கிறது என்று அடம்பிடித்தால், அந்தப் பள்ளத்தின் மேல் சின்னதாக செலோடேப் ஒட்டுங்கள், படங்களைக் காப்பி செய்துவிட்டு கார்டை மாற்றுங்கள். மைக்ரோ எஸ்டியில் இந்த லாக்கே கிடையாது.

போலி கார்டுகள் தனிக்கதை. மேலே 128 ஜிபி என்று அச்சடித்திருக்கும், கம்ப்யூட்டரும் 128 என்றே காட்டும், உள்ளே இருப்பது 8 ஆக இருக்கும். கார்டை இயக்கும் சில்லான கன்ட்ரோலரையே பொய் சொல்லப் பழக்கியிருப்பார்கள். முதல் 8 ஜிபி வரை எல்லாம் ஒழுங்காக இருக்கும். அதற்கு மேல் எழுதுவது காற்றில் போகும், அல்லது பழையதன் மேலேயே ஏறும். கேமரா ஒன்றும் சொல்லாது. வீட்டுக்கு வந்து திறக்கும்போதுதான் தெரியும். அதனால் புதுக் கார்டு எதுவானாலும், எவ்வளவு நம்பிக்கையான இடத்தில் வாங்கினாலும், முதலில் முழுக்க எழுதி முழுக்கப் படித்துப் பார்த்துவிடுவேன். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3. இரண்டும் இலவசம். பெரிய கார்டுக்கு நேரம் பிடிக்கும். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கிவிடலாம். பிறகு கேமராவில் ஒரு ஃபார்மட், அதற்குப் பிறகுதான் முதல் படம்.

ஒரு பெரிய கார்டா, பல சின்னக் கார்டுகளா என்ற சண்டையில் நான் எந்தப் பக்கமும் இல்லை. பெரியது போனால் எல்லாமே போகும் என்பது நிஜம். சின்னதை அடிக்கடி மாற்றும்போது ஒன்று தொலைந்துபோகும் என்பதும் நிஜம். கேமராவில் இரண்டு ஸ்லாட் இருந்தால் இந்தச் சண்டைக்கே அவசியம் இல்லை. ஆனால் மெனுவுக்குள் போய்ப் பாருங்கள். இரண்டாவது ஸ்லாட் பல கேமராக்களில் 'முதலாவது நிறைந்ததும் இதில்' என்று இருக்கும், அல்லது ரா ஒன்றில், ஜேபெக் இன்னொன்றில். இரண்டிலும் ஒரே படம் விழ வேண்டும் என்றால் 'பேக்கப்' என்பதை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு கார்டு போட்டிருக்கிறேன், பயமில்லை என்று சொன்ன ஒருவரின் கேமராவை வாங்கிப் பார்த்தேன், இரண்டாவது கார்டு காலி.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். பையில் கார்டு பெட்டி ஒன்று. காலிக் கார்டு முகம் மேலே தெரியும்படி, எடுத்து முடித்த கார்டு கவிழ்த்து. இருட்டில்கூடத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடலாம், உலோகப் பட்டைகள் விரலில் படும் (அதிகம் தடவாதீர்கள், அழுக்கும் நிலைமின்சாரமும் அதற்கு ஆகாது). வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பில் காப்பி, பிறகு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இன்னொரு காப்பி. இரண்டாவது காப்பியைக் கார்டிலிருந்தே எடுப்பேன். முதல் காப்பி கோணலாக வந்திருந்தால் அதே கோணல் இரண்டாவதிலும் வரக் கூடாது. கார்டில் எத்தனை ஃபைல், ஃபோல்டரில் எத்தனை ஃபைல் என்று ஒத்துப் பார்ப்பேன். சிறுபடங்களைப் பார்த்துத் திருப்தி ஆகாமல் முதல், நடு, கடைசி என்று சில படங்களை முழு அளவில் திறப்பேன். சிறுபடம் நன்றாகத் தெரிந்து, பெரிதாக்கினால் பாதி சாம்பலாக வருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

கார்டை அன்றைக்கே ஃபார்மட் செய்வதில்லை. அடுத்த முறை வெளியே கிளம்பும்போதுதான், அதுவும் கேமராவில். அதுவரை கார்டே மூன்றாவது பிரதி. பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்கு இருக்கிறதே, மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு இடத்தில், அதில் கடைசி ஒன்றைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறோம். நான் ஒரு டிஸ்க்கை அண்ணன் வீட்டில் வைத்திருக்கிறேன். போகும்போதெல்லாம் மாற்றி எடுத்துவருவேன்.

கேமரா ஆப் மூலம் எல்லாப் படமும் போனுக்கு வந்துவிடுகிறது, அதுவே பேக்கப் என்று நினைப்பவர்கள் ஒருமுறை அளவைப் பாருங்கள். பல ஆப்கள் தானாக அனுப்புவது 2 மெகாபிக்சலுக்குச் சுருக்கிய பிரதி. இணையத்தில் (கிளவுடில்) சிங்க் ஆகிற ஃபோல்டரும் பேக்கப் ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். போனில் மைக்ரோ எஸ்டி போடுகிறவர்களுக்கு ஒன்று: ஆண்ட்ராய்டு 6இலிருந்து கார்டை 'உள் சேமிப்பகம்' என்று அமைக்கலாம். அப்படி அமைத்தால் அது அந்தப் போனோடு மட்டும் பேசும்படி என்கிரிப்ட் ஆகிவிடும், அதாவது வேறு எதிலும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டுவிடும். போன் உடைந்தால் கார்டு நன்றாக இருந்தும் பயனில்லை. படம் சேர்க்கிற கார்டை அப்படி அமைக்காதீர்கள்.

விமான நிலைய எக்ஸ்ரேயால் கார்டுக்கு ஒன்றும் ஆகாது, காந்தத்தாலும் ஆகாது. இரண்டையும் பற்றி நிறையக் கேட்கிறார்கள். வெயிலில் நிற்கிற கார் டேஷ்போர்டு நல்லதல்ல. வருஷக்கணக்கில் டிராயரில் போட்டு வைப்பதும் நல்லதல்ல. உள்ளே படத்தைப் பிடித்து வைத்திருப்பது வெறும் மின்னூட்டம். அது மெல்ல மெல்லக் கசியும், சூட்டில் இன்னும் சீக்கிரம் கசியும். ஒருமுறை காரணமில்லாமல் பிழை காட்டிய கார்டுக்கு நான் இரண்டாவது வாய்ப்பு கொடுப்பதில்லை. மார்க்கரால் குறுக்கே ஒரு கோடு, அதோடு கேமராவுக்கும் அதற்கும் உறவு முடிந்தது.

கடைசியாக, நிஜமாகவே செத்த கார்டு. எந்த ரீடரில் போட்டாலும் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது, அல்லது அளவு 0 பைட் என்று காட்டும். பெரும்பாலும் கன்ட்ரோலர் போயிருக்கும். இதற்கு எந்த மென்பொருளும் உதவாது, காசு கொடுத்து வாங்கியதும்கூட. மறுபடி மறுபடி செருகிப் பார்ப்பது, ஃப்ரீசரில் வைப்பது எல்லாம் வேண்டாம். தரவு மீட்கும் ஆய்வகங்களில் கார்டின் மேல்பூச்சைச் சுரண்டி, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் புள்ளிகளில் கம்பியைப் பற்றவைத்து, மெமரியை நேரடியாகப் படிப்பார்கள். மைக்ரோ எஸ்டியில் எல்லாமே ஒரே வார்ப்பாக இருப்பதால் அது இன்னும் சிரமம். செலவு அதிகம், வரும் என்ற உறுதியும் கிடையாது. படங்களுக்கு அந்த மதிப்பு உண்டா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கொண்டுபோகும்போது அதுவரை அந்தக் கார்டில் என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், ஃப்ரீசர் உட்பட.